முந்திரித் தோப்புக்குள் பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? புதிதாகத் தோப்பு பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பண்ருட்டி, காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் பக்கம் புதிதாக முந்திரித் தோப்பு வாங்குகிறவர்களும், அப்பா தாத்தா விட்டுப்போன தோப்பை முதன்முறையாகக் கையில் எடுக்கிறவர்களும் மார்கழி, தை மாதத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "துளிரெல்லாம் கருகுது, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்துக் கடையில் இதற்கு உடனே பதில் கிடைத்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டு உண்டு. எந்தப் பக்கத்து மரங்கள் முதலில் கருகின? அந்தப் பக்கம் வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது?

பூச்சிக்குப் பட்டா, சர்வே நம்பர் எதுவும் தெரியாது. தோப்பில் துளிர் இருக்கும்போது உள்ளே வரும், துளிர் முற்றிவிட்டால் பக்கத்து மரத்துக்குப் போகும், அடுத்த வருடம் திரும்பி வரும். பூச்சியைத் தின்னும் எறும்பும் சிலந்தியும் குளவியும் அதே வேலியில்தான் குடியிருக்கின்றன. அதனால் தோப்பைச் சுற்றி இருக்கிற இருநூறு, முந்நூறு அடியையும் தோப்பின் ஒரு பகுதியாகவே நினைத்துப் பார்க்கப் பழக வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்துச் செம்மண் மேட்டு நிலத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டு, ஆரோவில், வானூர் பக்கத்துச் செம்மண் தோப்புகளுக்கும் இது பொருந்தும்.

1. முதலில் பூச்சியை முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்

முந்திரியில் பல பூச்சிகள் உண்டு. புதிதாக வருகிறவர் இரண்டை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று தேயிலைக் கொசு, இன்னொன்று தண்டு துளைப்பான். மற்றவை போகப் போகப் பழகிவிடும்.

தேயிலைக் கொசு உண்மையில் கொசு இல்லை, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகை. ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக, ஒல்லியாக, நீண்ட கால்களும் உணர்கொம்புகளுமாக இருக்கும். தலை கறுப்பு, நெஞ்சுப் பகுதி சிவப்பு. முதுகில் குண்டூசி ஒன்றைச் செங்குத்தாகக் குத்தி வைத்த மாதிரி ஒரு முள் நிற்கும். அந்த முள்ளைப் பார்த்துவிட்டால் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். குஞ்சுகளுக்கு இறக்கை இருக்காது. இலையடியில் ஓடும்போது சட்டென்று எறும்பென்று நினைத்துவிடத் தோன்றும்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போய் ஒரு இளந்துளிரைக் கையில் பிடித்துப் பாருங்கள். பூச்சி ஊசி குத்திய இடத்தில் முதலில் தண்ணீர் கோத்தது போல் ஒரு புள்ளி தெரியும். அதிலிருந்து சின்னதாகப் பிசின் கசியும். ஓரிரு நாளில் அந்த இடம் பழுப்பாகி, பிறகு கறுத்து, நீளவாக்கில் ஒரு கோடாக இறங்கும். நாலைந்து கோடுகள் சேர்ந்தால் துளிரே காய்ந்து தொங்கிவிடும். பூங்கொத்தில் விழுந்தால் கொத்து மொத்தமும் கருகும். பிஞ்சில் விழுந்தால் புள்ளி புள்ளியாகச் சொறி பிடித்து, சின்னப் பிஞ்சுகள் சுருங்கி உதிரும். கையில் லென்ஸ் இருந்தால் துளிர்த் தண்டையும் பூக்காம்பையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மயிரிழை இரண்டு, ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே முட்டை இருக்கிறது என்று பொருள். முட்டையைத் தண்டின் சதைக்குள் செருகிவிட்டு இந்த இழைகளை மட்டும் வெளியே விட்டுவைக்கும் பூச்சி இது. முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக மூன்று நான்கு வாரம் போதும். துளிர்க் காலத்தில் ஒரு தலைமுறை கண்ணில் படுவதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது.

தண்டு துளைப்பான் வேறு ரகம். செம்பழுப்பு நிறத்தில் நீண்ட கொம்புகள் உள்ள வண்டு, மரத்தின் அடித்தண்டிலும் வெளியே தெரியும் வேரிலும் பட்டை வெடிப்புக்குள் முட்டை வைக்கும். புழு பட்டைக்கு அடியில் குடைந்துகொண்டு போகும். மரத்தடியில் மரத்தூள் மாதிரி கழிவும் பிசினும் வெளியே தள்ளப்பட்டிருந்தால் அதுதான் அடையாளம். கவனிக்காமல் விட்டால் இலை மஞ்சளாகி உதிர்ந்து, கடைசியில் மரமே பட்டுப்போகும். தேயிலைக் கொசு அந்த வருடத்து மகசூலைத்தான் எடுக்கும். இது மரத்தையே எடுத்துவிடும்.

2. ஒரு தாளில் நான்கு பக்கத்தையும் வரையுங்கள்

பெரிய வரைபடம் எதுவும் வேண்டாம், ஒரு பள்ளி நோட்டுத் தாள் போதும். நடுவில் தோப்பு. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு பக்கமும் எழுதி, வேலியை ஒட்டி நடந்து, கண்ணில் படுவதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வேம்பு எத்தனை, எங்கே? வீட்டுக் கொல்லையில் கொய்யா, முருங்கை இருக்கிறதா? மா, பலா? சவுக்கா, கரும்பா, கடலையா? யாரும் பார்க்காமல் கிடக்கிற பழைய முந்திரித் தோப்பு ஏதாவது பக்கத்தில் உண்டா? பட்டுப்போன மரம், வெட்டிப் போட்ட அடிக்கட்டை, அடுக்கி வைத்த விறகு? கோவில் காடு, ஏரிக்கரைப் புதர், ஓடை?

காற்றையும் ஒரு அம்புக்குறியாகப் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நமக்குக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். முந்திரி துளிர்க்கத் தொடங்குவதும் அந்த மழையை ஒட்டித்தான். தேயிலைக் கொசு ஊர் விட்டு ஊர் பறக்கிற பூச்சி இல்லை, மரத்துக்கு மரம்தான் நகரும். அதனால் வேலியை ஒட்டி இருக்கிற மரங்கள் தொலைவில் இருக்கிற நூறு மரத்தைவிட முக்கியம்.

இந்தத் தாளை மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே போட்டு வைத்துவிடுவது நல்லது. தை மாதம் துளிர் கருகிய பிறகு வேலி ஓரம் நடந்தால், கண்ணில் படுகிற மரமெல்லாம் குற்றவாளியாகத்தான் தெரியும்.

3. ஒவ்வொரு பக்கத்தையும் எப்படிப் படிப்பது

வேம்பு, கொய்யா, முருங்கை. முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்களோடு இந்தியாவுக்கு வந்தது. தேயிலைக் கொசுவோ இந்த மண்ணின் பூச்சி. முந்திரியை மட்டும் நம்பி அது வாழவில்லை. வேப்பந்துளிரிலும் கொய்யாத் துளிரிலும் பிஞ்சிலும் அது உறிஞ்சும், முருங்கையிலும் வரும். முந்திரியில் துளிர் இல்லாத மாதங்களில் இவைதான் அதற்குத் தங்குமிடம். நம் ஊர் வேப்பமரங்கள் சில வருடங்களில் நுனியெல்லாம் காய்ந்து செம்பழுப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பூஞ்சாண நோய்க்கும் பங்கு உண்டு, இந்தப் பூச்சிக்கும் பங்கு உண்டு.

இதைச் சொன்னவுடன் "அப்ப வேப்பமரத்தை வெட்டிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வேம்பு ஊரெல்லாம் நிற்கிறது. வேலியில் நிற்கிற இரண்டை வெட்டி இந்தப் பூச்சியை ஒழித்துவிட முடியாது. அதைவிட, வேம்பு நமக்கு முன்கூட்டியே சேதி சொல்கிற மரம். அதன் நுனித் துளிரில் கறுப்புக் கோடுகள் தெரிய ஆரம்பித்தால் அடுத்து நம் ஓர வரிசை முந்திரிதான் என்று தெரிந்துகொண்டு தயாராகலாம். கொய்யா விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன்: முந்திரித் தோப்பின் வேலி ஓரத்தில் கொய்யாவை வரிசையாக நட வேண்டாம். தண்ணீர் பாய்ச்சி, கவாத்து செய்து வருடம் முழுக்கத் துளிர் விட வைக்கிற மரம் அது. பூச்சிக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு போட்டது மாதிரிதான்.

கைவிடப்பட்ட தோப்பு. பக்கத்தில் இருப்பதிலேயே அதிகக் கவலை தர வேண்டியது இதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். விழுந்த மரங்களை அகற்ற முடிந்தவர்கள் அகற்றினார்கள். முடியாதவர்களின் நிலத்தில் பாதி சாய்ந்தும் பாதி பிழைத்தும் மரங்கள் நின்றன. புயலோ, வறட்சியோ, ஆள் இல்லாமையோ, காரணம் எதுவானாலும் நலிந்து நிற்கிற முந்திரி மரமும் பட்டுப்போன அடிக்கட்டையும் தண்டு துளைப்பானுக்கு நாற்றங்கால். உள்ளே புழு வளர்ந்து, வண்டாகி, வெளியே வந்து பக்கத்து மரத்தின் அடித்தண்டைத் தேடும். ஒரு தோப்பில் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாகாமல் ஒரு மூலையிலிருந்து வரிசையாகச் சாகின்றன என்றால், அந்த மூலைக்கு வெளியே ஒரு பட்ட மரம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெட்டிய முந்திரி விறகைத் தோப்பு ஓரத்திலேயே மாதக்கணக்கில் அடுக்கி வைப்பது நம் ஊரில் சாதாரணம். புழு உள்ளே இருக்கும் கட்டை என்றால் அது பூச்சியைப் பத்திரமாகப் பாதுகாத்துக் கொடுப்பதுதான். பட்ட மரத்தை வேரடியோடு எடுத்து, சீக்கிரம் அடுப்புக்கோ சூளைக்கோ அனுப்பிவிடுங்கள்.

மாவும் பலாவும். மாவிலும் முந்திரியிலும் பொதுவாக வருகிற ஒரு பூச்சி இலைத் துளைப்பான். இளந்துளிர் இலையில் வெள்ளைத் திட்டுகளாகத் தோல் உப்பி நிற்கும். ஒட்டுக்கன்று நட்ட புதுத் தோப்புகளில் இது கண்ணுக்கு அதிகம் தெரியும். ஆனால் மாவும் பலாவும் பக்கத்தில் இருப்பதை நான் பெரும்பாலும் வரவேற்கவே செய்வேன், முசுறு எறும்பு அவற்றில்தான் கூடு கட்டும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

சவுக்கும் கரும்பும். இரண்டும் பரப்பில் பெரியவை, பூச்சிக் கணக்கில் சின்னவை. சவுக்கு காற்றைத் தடுக்கும், கரையோரத் தோப்புக்கு அது பெரிய உதவி. ஆனால் சவுக்கு உதிர்த்த சருகுக்கு அடியில் பூச்செடி அதிகம் முளைக்காது, அதனால் நன்மை செய்யும் குளவிகளுக்கும் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

கடலை. இங்கே கதை திரும்பிவிடுகிறது. முந்திரி இளசாக இருக்கும்போது இடையிலும் பக்கத்திலும் மானாவாரிக் கடலை போடுவது நம் வழக்கம். கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப் புழு, தின்று முடித்தவுடன் வரப்பு ஓரத்துக்கும் மர நிழலுக்கும் நகர்ந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அங்கேயே மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த வருடம் நல்ல மழை விழுந்த பிறகு அந்துப்பூச்சியாகக் கிளம்பும். அப்படியானால் கடலைக்காரருக்கு நம் முந்திரி நிழல்தான் பூச்சி தங்குகிற இடம். நமக்கு மற்றவர் நிலம் அக்கம்பக்கம் என்றால் அவருக்கு நாம் அக்கம்பக்கம். கோடை உழவை வரப்பு ஓரம், மர நிழல் வரைக்கும் கொண்டுபோனால் கூட்டுப்புழு மேலே வந்து காக்கைக்கும் மைனாவுக்கும் இரையாகும். முதல் மழைக்குப் பிறகு இரவில் விளக்குப் பொறி வைக்கலாம். புழுக்கள் கூட்டமாக நகரும் நாட்களில் வயல் ஓரத்தில் காட்டாமணக்குத் தழையை வெட்டிப் போட்டால் அதில் வந்து மொய்க்கும், கூட்டி அழித்துவிடலாம்.

கலப்பு வேலியும் கோவில் காடும். நொச்சி, காரை, ஆவாரை, சங்கஞ்செடி, கொடிகள் எல்லாம் கலந்து வளர்ந்த பழைய உயிர்வேலி இருந்தால் அதைத் தொடாதீர்கள். தேயிலைக் கொசுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் குட்டிக் குளவிகள் இருக்கின்றன. வெறும் கண்ணுக்கு ஒரு தூசிதான். அந்த மாதிரி ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேனும் மகரந்தமும் வேண்டும், அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பூக்கள் வேண்டும். மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் கொலைகார நாவாய்ப்பூச்சிகளும் சிலந்திகளும் இத்தகைய வேலியிலிருந்துதான் தோப்புக்குள் வருகின்றன. முந்திரிப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோகிற தேனீக்கும் முந்திரி பூக்காத மாதங்களில் இங்கேதான் இரை. கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் போன்ற ஊர்களில் இன்னும் மிச்சமிருக்கும் கோவில் காடுகளும், ஆரோவில்லில் மொட்டை மண்ணாகக் கிடந்த மேட்டில் மறுபடி வளர்த்தெடுத்த உலர் பசுமைமாறாக் காடும் எவ்வளவு பெரிய சொத்து என்பது பூச்சிக் கணக்குப் பார்க்க ஆரம்பித்த பிறகு இன்னும் நன்றாகப் புரியும். சுத்தமாக இருக்கட்டும் என்று வேலியை முழுக்க வழித்துவிட்டுக் கம்பி போடுகிற பழக்கம் இப்போது வேகமாகப் பரவுகிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கம்பி ஆட்டைத் தடுக்கும், பூச்சியைத் தடுக்காது.

இந்தக் கணக்கை மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆலிவ் விவசாயிகள் வெகுகாலமாகப் பார்த்து வருகிறார்கள். ஆலிவ் பழத்துக்குள் முட்டை வைக்கும் ஒரு ஈதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. அங்கே தோப்பு ஓரத்தில் மஞ்சள் பூப் பூக்கும் இனுலா என்ற புதர் வளரும். அந்தப் புதரில் முடிச்சு உண்டாக்கும் வேறொரு ஈயைத் தின்று வாழ்கிற குளவி, ஆலிவ் ஈயையும் தாக்கும். களைதானே என்று புதரை அழித்தால் குளவியும் போய்விடும். எதிர்ப்பக்கமும் உண்டு. 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதே ஈ கண்டுபிடிக்கப்பட்டது. தெருவோரத்திலும் வீட்டு முற்றத்திலும் அழகுக்கு நட்டு, யாரும் பழம் பறிக்காமல் விட்ட ஆலிவ் மரங்கள் அங்கே அதற்குப் பெரிய பெருக்கிடமாக அமைந்தன. பூச்சி வேறு, மரம் வேறு, நாடு வேறு. ஆனால் பக்கத்தில் இருக்கும் ஒரு புதர் காவலாகவும் ஒரு மரம் தொல்லையாகவும் இருக்கலாம், எது எது என்று பிரித்துப் பார்த்த பிறகே அரிவாளை எடுக்க வேண்டும் என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

4. ஓரத்திலிருந்து நடுவுக்கு நடங்கள்

மழை விட்டுத் துளிர் வர ஆரம்பித்ததிலிருந்து பிஞ்சு திரளும் வரை வாரம் ஒரு முறை இந்த நடை வேண்டும். காலை வேளை நல்லது, இல்லையென்றால் மாலை. உச்சி வெயிலில் தேயிலைக் கொசு இலையடியில் நிழலில் ஒதுங்கிவிடும். தோப்பு சுத்தமாக இருக்கிறது என்று ஏமாந்து திரும்பி வந்துவிடுவோம்.

ஒவ்வொரு பக்கத்து ஓர வரிசையிலும் நாலைந்து மரம், தோப்பு நடுவில் நாலைந்து மரம் தேர்ந்தெடுத்து, அடித்தண்டில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே மரங்களைத்தான் பார்க்க வேண்டும். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாத் திசையிலிருந்தும் மொத்தம் பத்துத் துளிர் அல்லது பூங்கொத்து பாருங்கள். பத்தில் எத்தனையில் புதுக் குத்து இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். பழைய கறுப்புக் கோட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தண்ணீர் கோத்த புள்ளியும் ஈரப் பிசினும்தான் இந்த வாரத்துக் கணக்கு.

அப்புறம் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, வடக்கு ஓரத்தில் பத்துக்கு ஐந்து, மற்ற மூன்று ஓரங்களில் ஒன்று, நடுவில் ஒன்றுமில்லை என்றால் பூச்சி வடக்கிலிருந்து இப்போதுதான் நுழைகிறது. உங்கள் தாளில் வடக்கே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள், அநேகமாகப் பதில் அங்கேயே இருக்கும். நான்கு ஓரமும் நடுவும் ஒரே மாதிரி இருந்தால் பூச்சி ஏற்கெனவே உள்ளே குடியேறிவிட்டது, வேலியைப் பார்த்துப் பயனில்லை. ஓரம் குறைவாகவும் நடுவில் அதிகமாகவும் இருந்தால் உள்ளேயே ஒரு மூலம் உண்டு: நெருக்கி நட்டு நிழல் கட்டிய இடமாக இருக்கலாம், காலம் தப்பித் துளிர்த்த மரமாக இருக்கலாம், வெட்டின அடியிலிருந்து தழைத்து வருடம் முழுக்கத் துளிர் விடுகிற கட்டையாகவும் இருக்கலாம்.

இதே நடையில் கண்ணைக் கீழேயும் ஓட்டுங்கள். மண்ணை ஒட்டிய தண்டில் தூளோ பிசினோ தெரிந்தால் அன்றைக்கே உளியால் அந்த இடத்துப் பட்டையை மெதுவாகச் செதுக்கி, புழுவைத் தேடி எடுத்துக் கொன்றுவிட்டு, காயத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் தடவுங்கள். பட்டையைச் சுற்றிவர உரித்துவிடக் கூடாது, மரமே போய்விடும். அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

5. மருந்து என்று வந்தால் எங்கே, எப்போது

துளிர் விடும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, பிஞ்சு பிடிக்கும்போது ஒன்று என்று தேதி வைத்து முழுத் தோப்புக்கும் அடிப்பதுதான் பலரும் செய்வது. வாரக் கணக்கு கையில் இருந்தால் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டியதில்லை. வடக்கு ஓரத்தில் மட்டும் நுழைந்திருந்தால் அந்த ஓரத்து இரண்டு மூன்று வரிசைக்கு அடித்துவிட்டு, நடுத் தோப்பை விட்டுவிடலாம். நடுவில் இருக்கிற சிலந்தியும் எறும்பும் குளவியும் பிழைத்திருக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை விருத்தாசலத்தில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். வி.ஆர்.ஐ. ரக முந்திரிகளை வெளியிட்ட நிலையம் அது, இந்த மண்ணையும் இந்த மரத்தையும் நன்றாக அறிந்த இடம். புதுச்சேரிக்காரர்கள் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். கடைக்காரர் தரும் இரண்டு மூன்று மருந்துக் கலவையை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

பூ மலர்ந்திருக்கும் காலை நேரத்தில் அடிக்கவே கூடாது. தேனீ இல்லாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. அடித்தே ஆக வேண்டிய நிலை என்றால் மாலையில் அடியுங்கள்.

இதே தேயிலைக் கொசுவுக்காகத்தான் கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் பல வருடங்கள் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளும் குடும்பங்களும் பட்ட பாடு நாடறிந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. நம் தோப்புகளும் வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. மருந்துக் குப்பியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பக்கத்துத் தோப்புக்காரரிடம் பேசாமல் எதையும் செய்யாதீர்கள். நீங்கள் மட்டும் அடித்தால் பறக்கிற பூச்சி அவர் பக்கம் போய்விட்டு, மருந்தின் வீரியம் குறைந்ததும் திரும்பி வரும். "அண்ணே, நம்ம வடக்கு வரப்பு ஓரமா குத்து விழுந்திருக்கு, உங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க. அடிக்கணும்னா ரெண்டு பேரும் ஒரே நாள்ல அடிச்சிரலாம்" என்று டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்ட மரத்தை எடுக்கச் சொல்வதும் இப்படித்தான். "உங்க மரத்தாலதான் எங்க மரம் சாகுது" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆள் கூலியில் பாதியை நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்தச் செலவு நம் தோப்புக்குச் செய்கிற செலவுதான்.

6. முசுறு இருந்தால் விரட்டாதீர்கள்

இலைகளைப் பட்டு நூலால் இணைத்துப் பந்து மாதிரி கூடு கட்டுகிற செம்முசுறு, முந்திரிக்குக் கிடைத்த நல்ல காவல். மரத்தில் நன்றாகப் பெருகியிருந்தால் தேயிலைக் கொசு அந்த மரத்தில் நிம்மதியாக உட்கார்ந்து உறிஞ்ச முடியாது. ஆஸ்திரேலியாவிலும் வியட்நாமிலும் முந்திரித் தோப்பில் இதைத் திட்டமிட்டே வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் கி.பி. 304 வாக்கிலேயே நாரத்தை வகை மரங்களுக்கு முசுறுக் கூட்டை விலைக்கு வாங்கிக் கட்டியதாகக் குறிப்பு உண்டு.

நம்மூரில் கடிக்குப் பயந்து கூட்டைக் கொளுத்திவிடுகிறார்கள். முந்திரியில் பெரும்பாலும் கீழே விழுந்த பழத்தைத்தான் பொறுக்குகிறோம், மாங்காய் மாதிரி மரமேறிப் பறிப்பதில்லை. அதனால் இந்த எறும்போடு ஒத்துப்போவது முந்திரிக்காரருக்கு மற்றவர்களைவிடச் சுலபம். பொறுக்குவதற்கு முன் மரத்தடியைக் கூட்டிவிட்டு, காலில் சாம்பல் தடவிக்கொண்டால் பெரிய தொல்லை இருக்காது.

வேலி ஓரத்து மாவில் கூடு இருக்கிறது, முந்திரிக்கு வரவில்லை என்றால் கிளைகள் தொடவில்லை என்று அர்த்தம். ஒரு கயிற்றை மாவிலிருந்து முந்திரிக்குக் கட்டிவிடுங்கள், அதன் வழியாக நடந்து வந்துவிடும். ஏழு மீட்டர் இடைவெளியில் நட்ட ஒட்டுமரத் தோப்பில் கிளை கூடும் வரைக்கும் கயிறுதான் பாலம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டு வேறு கூட்டங்களை இணைத்துவிடக் கூடாது, ஒன்றையொன்று கொன்று தீர்த்துவிடும். ஒரு மரத்து எறும்பை இன்னொரு மரத்துக் கிளையில் விட்டுப் பாருங்கள். சண்டை போட்டால் வேறு கூட்டம், அந்த இரண்டு மரத்துக்கும் நடுவில் கயிறும் வேண்டாம், தொடுகிற கிளையையும் கழித்துவிடுங்கள். மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் முசுறு மேய்க்கும் என்பதும் உண்மை. அது ஒரு குறைதான். ஆனாலும் தேயிலைக் கொசு செய்கிற சேதத்தோடு ஒப்பிட்டால் நான் முசுறு பக்கமே நிற்பேன். தண்டு துளைப்பானுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், அதற்கு உளியும் கண்ணும்தான்.

7. புது வேலி போடுவதாக இருந்தால்

கம்பி வேலி ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதை ஒட்டியே உட்புறம் ஒரு வரிசை நடலாம். நொச்சி, ஆவாரை, காரை இவற்றோடு வருடத்தின் வேறு வேறு மாதங்களில் பூக்கிற உள்ளூர்ச் செடிகளாகக் கலந்து வையுங்கள். ஒரே செடியை வரிசையாக நட்டால் அது பூக்கிற மாதம் மட்டும்தான் குளவிக்கும் தேனீக்கும் உதவும். இந்தக் கரையோரக் காட்டுச் செடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆரோவில் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு முறை போய் வாருங்கள். எந்தச் செடி எவ்வளவு உயரம் வரும், எப்போது பூக்கும் என்று நேரில் பார்த்துவிட்டு நடலாம். கொய்யாவும் முருங்கையும் வேண்டுமென்றால் வீட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அவற்றையும் வார நடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவதற்கு ஆடி, ஆவணியில் குழி எடுத்துவிட்டு, ஐப்பசி மழை பிடித்ததும் கன்றை வைத்தால் முதல் கோடைக்குள் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு வருடம் ஆடு மேயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.